சார்ஜ் ஏறவில்லை, பாலம் ஏறவில்லை: எலக்ட்ரிக் லோடு ஆட்டோவில் எதை முதலில் பார்ப்பது?

மாதவரத்தில் எங்கள் ஷெட்டில் ஒன்பது எலக்ட்ரிக் லோடு ஆட்டோக்கள் நிற்கின்றன. அரிசி, எண்ணெய், மளிகை, பாத்திரம் என்று பாரிமுனை, சவுக்கார்பேட்டை, புரசைவாக்கம் கடைகளுக்குப் போய்வரும் வண்டிகள். விடிகாலை ஐந்தரைக்கு என் போன் அடித்தால் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வரும்: "அண்ணே, பேட்டரி போச்சு." நான்கு வருடமாக இதைக் கேட்கிறேன். உண்மையிலேயே பேட்டரி போனது இரண்டே முறை. மற்றதெல்லாம் பிளக், ஒயர், காற்று, பிரேக். ஒரு தடவை எலி.

அதனால் வண்டி என்ன செய்கிறது என்பதை வைத்துத் தலைப்புகளைப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகும் காரணம் முதலில் வரும், பர்ஸைக் காலி செய்வது கடைசியில். மேலிருந்து வரிசையாகப் பாருங்கள். நடுவில் சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு லோடு ஏற்றப் போகலாம்.

நான் சொல்வது 48 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோடு, சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் சார்ஜ் ஆகும் மூன்று சக்கர வண்டிக்கு. நான்கு சக்கர மினி டிரக் வைத்திருப்பவர்கள் பிளக், டயர், பிரேக் சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வோல்டேஜ் அதிகம், ஆரஞ்சு நிற கேபிள் எதையும் தொட வேண்டாம்.

கையில் ஒரு மல்டிமீட்டர், காற்று பார்க்கும் கேஜ், ஜாக்கி, டார்ச் இருந்தால் போதும். இன்னொன்றையும் வாங்கி வையுங்கள்: சார்ஜ் போடும் சாக்கெட்டுக்கு முன்னால் மாட்டும் சின்ன யூனிட் மீட்டர். ஏன் என்பது "கிலோமீட்டர் குறைகிறது" என்ற தலைப்பில் வரும்.

பேட்டரிப் பெட்டியையும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் கன்ட்ரோலரின் மூடியையும் நீங்கள் திறக்கக் கூடாது. "48 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கும்?" என்று கேட்பார்கள். ஷாக் இருக்கட்டும். இரண்டு முனைக்கும் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் வெல்டிங் ராடு மாதிரி எரியும். மோதிரம், கைச்செயின் போட்டிருந்தால் கழற்றிவிட்டே எந்த வேலையையும் தொடங்குங்கள்.

சார்ஜ் ஏறவில்லை

காலையில் வரும் போன்களில் பாதிக்கு மேல் இதுதான். முதலில் சார்ஜரின் விளக்கைப் பாருங்கள்.

*விளக்கே எரியவில்லை*

அதே சாக்கெட்டில் ஒரு டிரில்லிங் மெஷினோ டேபிள் ஃபேனோ மாட்டிப் பாருங்கள். ஓடவில்லையா? வண்டியில் கோளாறு இல்லை. சுவர் பக்கம் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்திருக்கும், அல்லது அந்த பேஸில் கரண்ட் இல்லை. மூன்று பேஸ் இணைப்பு உள்ள இடத்தில் பேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்பினாலே பல நாள் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஃபேன் ஓடுகிறது, சார்ஜர் மட்டும் எரியவில்லை என்றால் வேறொரு கட்டடத்தின் சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே எரிந்தால் உங்கள் சாக்கெட்டில் எர்த் சரியில்லை என்று சந்தேகப்படலாம். எர்த் இல்லாவிட்டால் பல சார்ஜர்கள் வேலையைத் தொடங்கவே மாட்டா. ஃபேனுக்கு அந்தக் கவலை கிடையாது. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் ஒன்று, இரண்டு வோல்ட்தான் காட்ட வேண்டும். ஐந்தைத் தாண்டினால் எர்த் பலவீனம். சாக்கெட்டுக்குள் மீட்டர் முனையை விடுவது பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

ஒரு மே மாதம் எங்கள் ஷெட்டில் மூன்று வண்டிகள் ஒரே இரவில் சார்ஜை மறுத்தன. மூன்று பேட்டரியும் ஒரே நாளில் போகாது என்பதால் சுவரைப் பார்த்தோம். எர்த் குழி காய்ந்து, மண் வெடித்துக் கிடந்தது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினோம். கால் மணி நேரத்தில் மூன்றும் சார்ஜ் ஏற ஆரம்பித்தன. அதிலிருந்து கோடையில் வாரம் ஒருமுறை குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது வாட்ச்மேன் வேலை.

எந்த இடத்திலும் விளக்கு எரியவில்லை என்றால் சார்ஜர் ஒயரைத் தலையிலிருந்து வால் வரை கையால் தடவிப் பாருங்கள், பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். அரிசி ஏற்றும் வண்டி என்றால் எலி வரும். எங்கள் வண்டியில் சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்த ஒயரை விரல் நீளத்துக்குக் கடித்துச் செம்பு தெரிந்தது. இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டாதீர்கள், ஒயரை மாற்றுங்கள். ஒயரும் நன்றாக இருந்தால் சார்ஜர் போயிருக்கிறது. அது சர்வீஸ் சென்டர் வேலை.

*விளக்கு எரிகிறது, சதவீதம் ஏறவில்லை*

சாவி ஆனில் இருக்கிறதா பாருங்கள். சில வண்டிகள் சாவி ஆனில் இருந்தால் சார்ஜை ஏற்காது. வண்டிப் பக்கம் மாட்டும் முனை முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை கழற்றி, ஊதி, அழுத்தி மாட்டுங்கள். உள்ளே சாக்கு நார், மண் சேர்ந்திருக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடலாம். தண்ணீரோ எண்ணெயோ வேண்டாம்.

அப்புறம் சூடு. கத்திரி வெயிலில் மதியம் லோடு இறக்கிவிட்டு வந்த கையோடு பிளக்கைச் செருகினால் பேட்டரி ஏற்காது. உள்ளே இருக்கும் செல் 45 டிகிரியைத் தாண்டினால் பல பேட்டரி பேக்குகள் சார்ஜைக் குறைக்கும், அல்லது அடியோடு நிறுத்தும். நிழலில் முக்கால் மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். ஈரச்சாக்கைப் போட்டுக் குளிர்விக்கும் யோசனை டிரைவர்களுக்கு வரும், தடுத்துவிடுங்கள்.

ஆறிய வண்டி, சுத்தமான முனை, வேறு சாக்கெட், எல்லாம் பார்த்தும் ஏறவில்லையா? வேறு வண்டியின் சார்ஜர் அதே மாடலாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாடல் வேறு என்றால் முனை பொருந்தினாலும் போடாதீர்கள். மாற்றிய சார்ஜரில் ஏறினால் பழைய சார்ஜர் போச்சு. மாற்றியும் ஏறவில்லை என்றால் பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் ஏதோ காரணத்துக்காகக் கதவைச் சாத்தியிருக்கிறது. அதற்கு மேல் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற ஆள்தான் வேண்டும்.

*கொஞ்ச நேரம் ஏறி நின்றுவிடுகிறது*

எத்தனை மணிக்கு நிற்கிறது என்று இரண்டு மூன்று நாள் குறித்து வையுங்கள். மாலை ஏழிலிருந்து பத்து வரைக்கும் நின்று, நள்ளிரவில் தானாக ஏறினால் லோ வோல்டேஜ்தான். தெருவில் எல்லார் வீட்டிலும் ஏ.சி. ஓடுகிற நேரம் அது. சார்ஜ் ஓடும்போது வோல்டேஜைப் பாருங்கள். 170, 180-க்குக் கீழே இறங்கினால் பல சார்ஜர்கள் தாமாக நின்றுவிடும். பேஸ் மாற்றலாம். எல்லா வண்டியையும் ஒரே பேஸில் போடாமல் பிரிக்கலாம். அல்லது பதினோரு மணிக்கு மேல் போடலாம், இதற்குச் செலவே இல்லை. இரவிலும் அதே கதி என்றால் ஈ.பி.யில் எழுதிக்கொடுத்து மின் இணைப்பின் லோடை உயர்த்த வேண்டும்.

நேரம் காலம் இல்லாமல் நின்றால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்.

*பிளக் சுடுகிறது*

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். 2 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 3 கிலோவாட் என்றால் 13. அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் இழுக்கும், இது மூன்று நான்கு மணி நேரம் விடாமல் இழுக்கும். பிடி தளர்ந்த சாக்கெட் அதைத் தாங்காது.

வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. விரலை வைத்துப் பத்து எண்ண முடியவில்லை, பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது, கருகல் வாடை வருகிறது என்றால் மெயினை அணைத்துவிட்டுப் பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். சாக்கெட், பிளக் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கருக்கிவிடும். பின்னால் போகும் ஒயர் நாலு ஸ்கொயர் செம்பு இருந்தால் நிம்மதி, குறைந்தது ரெண்டரை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். கடைக்காரர் "15 ஆம்ப் தாங்கும் சார்" என்று எழுதியே கொடுத்தாலும்தான்.

*பிளக் போட்டதும் ஈ.எல்.சி.பி. விழுகிறது*

ஈ.எல்.சி.பி. என்பது மின்கசிவு இருந்தால் தானாக அணையும் சுவிட்ச். வேறொரு கட்டடத்தில், ஈ.எல்.சி.பி. உள்ள வேறொரு சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே விழவில்லை என்றால் உங்கள் ஒயரிங்கில் கசிவு. அங்கேயும் விழுந்தால் வண்டியிலோ சார்ஜரிலோ கசிவு. முதல் நாள் மழையில் நனைந்த வண்டி என்றால் ஒரு நாள் காயவிட்டு மறுபடி பார்க்கலாம். காய்ந்த பிறகும் விழுந்தால் சர்வீஸைக் கூப்பிடுங்கள். இங்கே சிலர் ஈ.எல்.சி.பி.யையே கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தருவார்கள், ஐந்து நிமிடத்தில் வண்டி சார்ஜ் ஏறும். அந்த வண்டியின் பாடியில் ஈரக்கையோடு யார் சாய்ந்து நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சார்ஜ் இருக்கிறது, சாவி போட்டால் வண்டி எழவில்லை

இதில் இரண்டு வகை. டிரைவருக்கு முன்னால் இருக்கும் மீட்டரே எரியாதது ஒன்று. மீட்டர் எரிந்தும் நகராதது இன்னொன்று.

மீட்டர் எரியவில்லை என்றால் மெயின் எம்.சி.பி.யைப் பாருங்கள். லோடு ஏற்றும்போது மூட்டை இடித்து விழுந்திருக்கும். அதுவும் சரி என்றால் 12 வோல்ட் சின்ன பேட்டரி. வண்டியில் தனியாக அது இல்லையென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சும்மா நிற்கும்போது 12.4-க்கு மேல் இருந்தால் நல்லது, 11.8-க்குக் கீழே என்றால் காலி. பெரிய பேட்டரி 90 சதவீதம் இருந்தாலும் இது படுத்துவிட்டால் வண்டி கண்ணைத் திறக்காது. பொங்கலுக்கு நான்கு நாள் ஷெட்டை மூடிவிட்டு வந்தபோது எங்களுக்கு நான்கு வண்டி இப்படி நின்றது. ஜி.பி.எஸ். கருவி, வெளியில் போட்டுக்கொண்ட எல்.இ.டி. பட்டை, பாட்டுப்பெட்டி எல்லாம் சாவி அணைத்த பிறகும் அதிலிருந்து குடித்துக்கொண்டே இருக்கும். வெளியே சார்ஜ் ஏற்றிப் போட்டால் எழுந்துவிடும்.

எழுந்த பிறகு சாவி ஆனில் அதே முனைகளில் மறுபடி அளந்து பாருங்கள். 13.5-க்கு மேல் காட்டினால் உள்ளேயிருந்து சார்ஜ் வருகிறது, சின்ன பேட்டரிக்கு வயதாகிவிட்டது, மாற்றினால் போதும். 12-லேயே நின்றால் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் பழுது. அதற்கு சர்வீஸ் சென்டர் போக வேண்டும்.

மீட்டர் எரிந்தும் நகரவில்லையா? இதே வரிசையில்:

- சார்ஜ் ஒயர் இன்னும் மாட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், எங்கள் ஷெட்டில் மாதம் ஒருமுறை நடக்கிறது.
- கியர் சுவிட்சை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பிரேக்கை மிதித்து, மறுபடி ஃபார்வர்ட் போடுங்கள்.
- ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்தபடி சாவி போட்டால் பல வண்டிகள் பாதுகாப்புக்காக நகராது. கையை எடுத்துவிட்டு, சாவியை அணைத்துப் போடுங்கள்.
- பின்னால் போய் பிரேக் விளக்கைப் பாருங்கள். மிதிக்காமலே எரிகிறதா? பிரேக் சுவிட்ச் மாட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பிரேக் போட்டிருப்பதாக நினைத்து கன்ட்ரோலர் மோட்டாருக்குக் கரண்ட் தராது. பெடலைக் கையால் மேலே இழுத்துவிட்டு விளக்கு அணைந்தால் ஓட்டலாம். சுவிட்ச் விலை கம்மிதான், தெரு மெக்கானிக்கே மாற்றிவிடுவார்.

இந்த நான்கும் இல்லையென்றால் ஆக்சிலேட்டர் சென்சார், கன்ட்ரோலர், மோட்டார் சென்சார் என்று போகும். மீட்டரில் வரும் எரர் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸைக் கூப்பிடுங்கள்.

கிலோமீட்டர் குறைகிறது

"முன்னாடி எண்பது ஓடுச்சு, இப்போ அம்பத்தஞ்சுல கவுந்துடுது." இந்தப் புகாரோடு போனால் சர்வீஸில் எடுத்ததுமே பேக் மாற்ற வேண்டும் என்று சொல்லக்கூடும். எங்கள் வண்டி ஒன்றுக்கும் சொன்னார்கள். விலையைக் கேட்டுவிட்டு அந்த இரவு எனக்குத் தூக்கமில்லை. கடைசியில் குற்றவாளி ஹேண்ட் பிரேக் கேபிள்.

அந்த விலையைக் கொடுப்பதற்கு முன்னால் பேட்டரி குறைந்திருக்கிறதா, வண்டி அதிகம் தின்கிறதா என்று பிரிக்க வேண்டும். யூனிட் மீட்டர் இதற்குத்தான். முதலில் ஒருநாள் 100 வரை ஏற்றி, அதற்கு மேலும் ஒரு மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள். மறுநாள் 20 சதவீதம் வரை ஓட்டிவிட்டு வந்து, மறுபடி முழுசாக ஏறும்வரை எத்தனை யூனிட் ஓடியது என்று பாருங்கள். 7.4 யூனிட் கொள்ளளவு உள்ள பேட்டரி என்றால் அதில் 80 சதவீதம் சுமார் 5.9. சார்ஜரில் சூடாகப் போவதையும் சேர்த்தால் சுவரில் ஆறரையை ஒட்டி ஓட வேண்டும்.

ஆறரை ஓடியும் கிலோமீட்டர் வரவில்லை என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது, வண்டிதான் அதிகம் தின்கிறது. ஐந்துக்கும் கீழே நின்றுவிட்டால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம்.

*யூனிட் சரியாக ஓடுகிறது, கிலோமீட்டர் இல்லை*

காற்று. காலையில் வண்டி கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது வண்டியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். பின்சக்கரம் இரண்டும்தான் லோடைத் தாங்குகின்றன, ஆனால் எல்லாரும் முன்சக்கரத்தை உதைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கால் உதை கேஜ் ஆகாது.

லோடு. 500 கிலோ என்றால் எத்தனை மூட்டை என்று டிரைவரிடம் கேட்டால் "இருபது" என்பார். அது 25 கிலோ மூட்டைக் கணக்கு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு மூட்டை 26 கிலோவாகிவிட்டது. ஆக 19 மூட்டைதான் கணக்கு. 26 மூட்டை ஏற்றினால் 676 கிலோ. இரண்டாவது டிரிப்பை மிச்சம் பிடிக்க நினைத்து மூன்றாவது டிரிப்பை இழக்கிறார்கள்.

பிரேக் பிடித்தபடி ஓடுவது. பிரேக் அதிகம் போடாத ஒரு டிரிப் போய் வந்ததும் மூன்று சக்கரத்தின் பிரேக் டிரம் மீதும் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒன்று மட்டும் "சுர்" என்று பொரிந்தால் அங்கே பிரேக் உரசுகிறது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரு தள்ளலுக்கு இரண்டு மூன்று சுற்று வர வேண்டும். கையோடு நின்றுவிட்டால் இறுக்கம். ஹேண்ட் பிரேக் கேபிளைக் கழற்றிவிட்டுச் சுற்றியதும் இலகுவானால் கேபிள் துருப்பிடித்து உள்ளே மாட்டியிருக்கிறது. எங்கள் கதை இதுதான். கேபிள் மாற்றினோம், வண்டி 76-க்கு வந்துவிட்டது. கேபிள் காரணம் இல்லையென்றால் பிரேக் ஷூ அட்ஜஸ்ட்மென்ட், அடுத்து வீல் பேரிங். இதற்கெல்லாம் சாதாரண ஆட்டோ மெக்கானிக் போதும், எலக்ட்ரிக் வண்டி என்று அவர் பயப்பட ஒன்றுமில்லை.

டிரைவர். ஒரே வண்டியை இரண்டு பேர் மாற்றி ஓட்டிப் பார்த்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வித்தியாசம் வரும். சிக்னலுக்கு ஐம்பது அடி முன்னாலேயே கையை எடுத்து வண்டியை விடுகிறவரா, கடைசி வரை திருகிவிட்டு மிதிக்கிறவரா என்பதுதான். இதைச் சொல்லும் விதம் முக்கியம். நான் "ஏன்பா இப்படி ஓட்டுற?" என்று கேட்காமல், இரண்டு பேர் கிலோமீட்டரையும் சுவரில் எழுதிப் போட்டேன். மூன்றாம் வாரம் தானாகச் சமமாகிவிட்டது.

*யூனிட்டே குறைவாக ஓடுகிறது*

எப்போதும் 40-லிருந்து 80 வரை மட்டுமே ஏற்றிக்கொண்டிருந்தால் செல்கள் ஏறுக்குமாறாகிவிடும். ஒரு செல் நிறைந்ததும் மொத்த சார்ஜும் நின்றுவிடும். தொடர்ந்து மூன்று நான்கு இரவு 100 வரை ஏற்றி, அப்புறமும் ஓரிரு மணி நேரம் பிளக்கில் விட்டுப் பாருங்கள். யூனிட் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் வாரம் ஒருமுறை இப்படிச் செய்தால் போதும்.

கூடவில்லையென்றால் பேட்டரி உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. யூனிட் கணக்கை நான்கைந்து நாளுக்கு எழுதி, வாரன்டி அட்டையோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று அட்டையில் இருக்கும். வாய் வார்த்தையாகக் கேட்டால் "ஓட்டுறதப் பொறுத்து சார்" என்று அனுப்பிவிடுவார்கள். எழுதிய தாளைப் பார்த்தால் மாடியிலிருந்து ஆள் இறங்கி வருவார். வெளியே பேக்கைத் திறந்து ஒரு செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் வாரன்டி இருக்கும்வரை போகாதீர்கள்.

20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது

இந்த வகை பேட்டரியில் மீதியைக் கணிப்பது மீட்டருக்குக் கஷ்டம். முழுசாக ஏற்றிப் பல வாரமானால் அது சொல்லும் எண் பொய்யாகிவிடும். முதல் மருந்து மேலே சொன்ன அதே முழுச் சார்ஜ். அதற்குப் பிறகும் 20-லேயே நின்றால், லோடில்லாமல் ஓட்டிப் பாருங்கள். காலி வண்டி 10 வரை போகிறது, லோடு வண்டி மட்டும் 20-ல் விழுகிறது என்றால் ஏதோ ஒரு செல் பலவீனம். சர்வீஸில் செல் வாரியாக வோல்டேஜ் எடுத்து, அதைத் தாளில் பிரிண்ட் கேளுங்கள்.

அதுவரை அந்த வண்டியை 30-க்குக் கீழே வெளியே அனுப்ப வேண்டாம். சவுக்கார்பேட்டை மின்ட் தெருவில் பகல் பதினொரு மணிக்கு லோடோடு நின்ற வண்டியை ஒருமுறை தள்ளியிருக்கிறேன். பின்னால் வந்த மீன்பாடி வண்டிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மேம்பாலத்தில் திணறுகிறது

மாதவரத்திலிருந்து நகரத்துக்குள் போனால் மூலக்கடை மேம்பாலம் இருக்கிறது. வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் அங்கே தெரிந்துவிடும்.

எக்கனாமி மோடில் இருக்கிறதா? சார்ஜ் 20-க்குக் கீழேயா? அப்படியென்றால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைக்கும், சிலவற்றில் ஆமைப் படம் கூட வரும். லோடு அதிகமா? இந்த மூன்றும் பார்த்துவிட்டு, பிரேக் இறுக்கமும் இல்லையென்றால், எப்போது திணறுகிறது என்று கவனியுங்கள்.

காலை முதல் டிரிப்பில் நன்றாக ஏறி, மதியம் மட்டும் திணறினால் சூடு. கன்ட்ரோலரின் அலுமினியப் பற்களுக்கு நடுவே சாக்கு நாரும் மண்ணும் அப்பியிருக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்; ஃபேன் இருந்தால் சுற்றுகிறதா பாருங்கள். அதற்கு முன்னால் யாராவது பிளைவுட், தார்ப்பாய் வைத்து அடைத்திருப்பதும் உண்டு. காலையிலிருந்தே திணறினால், திருகுக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வெட்டி வெட்டி இழுத்தால் ஆக்சிலேட்டர் சென்சார் தேய்ந்திருக்கிறது, மாற்றலாம். சமதரையிலும் வண்டி உதறிக்கொண்டு, பின்னுக்கு இழுப்பது போல இருந்தால் மோட்டார் பக்க சென்சாரோ அதன் ஒயரோ. அதை ஓட்டாதீர்கள். ஏற்றி அனுப்புங்கள்.

மழைக்குப் பிறகு

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிக்கொண்டு போங்கள், அவ்வளவுதான். பேட்டரிக்கு ஐ.பி. 67 என்று போட்டிருப்பதைக் காட்டி டிரைவர் தைரியம் சொல்வார். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் அர்த்தம், புது நிலையில், அந்தப் பெட்டிக்கு மட்டும். நான்கு வருடம் குலுங்கிய ஒயர் முனைக்கு அது பொருந்தாது.

சக்கரத்தின் பாதிக்குக் கீழே தண்ணீரில் ஓட்டியிருந்தால்: கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டி டிரம்மைக் காயவிடுங்கள். சார்ஜ் முனையின் மூடியைத் திறந்து ஈரம் இருந்தால் அன்றிரவு சார்ஜ் வேண்டாம். வார இறுதியில் கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

பேட்டரிப் பெட்டி வரை முழுகியிருந்தால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல வண்டிகள் நின்ற மாதிரி, சாவி போடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், "ஒரு தடவை பார்ப்போமே" வேண்டாம். கட்டடத்தை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். கயிறு கட்டி இழுத்துப் போகவும் கூடாது. சக்கரத்தோடு மோட்டார் சுற்றினால் அதுவே மின்சாரம் உண்டாக்கும். மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

மழையில்லாத நாளிலும் ஒரு சின்ன மழை உண்டு: வாட்டர் சர்வீஸ். பிரஷர் துப்பாக்கியை சீட்டுக்கு அடியிலும் சார்ஜ் முனையிலும் காட்ட வேண்டாம் என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சத்தம்

சாவி போட்டதும் ஒரு "டக்" கேட்பது இயல்பு. "டக்டக்டக்" என்று அடித்துக்கொண்டே இருந்தால் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். வேகத்தோடு கூடும் ஊளை என்றால் கியர் ஆயில். கையை எடுக்கும்போதும் திருகும்போதும் "தொம்" என்றால் மோட்டார் மவுன்ட் போல்ட் தளர்ந்திருக்கிறது. மெக்கானிக் போதும்.

புகை, இனிப்பான ரசாயன வாடை, பேட்டரிப் பெட்டி உப்பல்

இதற்குச் சரிபார்ப்பு எதுவும் இல்லை. ஆட்களை விலக்குங்கள். சார்ஜில் இருந்தால், தூரத்திலுள்ள மெயினை அணைக்க முடிந்தால் மட்டும் அணையுங்கள். 101 அல்லது 112-க்குப் போன் செய்து "லித்தியம் பேட்டரி வண்டி" என்று சொல்லுங்கள், அந்த வார்த்தை முக்கியம். மூட்டையை இறக்க யாரும் ஓடக் கூடாது. அணைந்த மாதிரி தெரிந்தாலும் மணிக்கணக்கு கழித்து மறுபடி பற்றும், அதனால் அந்த வண்டியை ஷெட்டுக்குள் மறுபடி கொண்டுவராதீர்கள்.

சர்வீஸுக்குப் போன் போடும் முன்

எரர் எண் மீட்டரில் இருக்கும்போதே போட்டோ எடுங்கள். எம்.சி.பி.யை அணைத்துப் போட்டால் பல வண்டிகளில் அது மறைந்துவிடும். அப்புறம் அவர்கள் வந்து பார்த்து "ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், மறுநாள் காலை ஐந்தரைக்கு அதே போன் வரும். போட்டோவோடு நான்கு எண்களை அனுப்புங்கள்: மீட்டரில் மொத்தக் கிலோமீட்டர், அப்போது இருந்த சதவீதம், ஏற்றியிருந்த கிலோ, கடைசியாக முழுச் சார்ஜ் போட்ட தேதி. எங்கள் ஷெட்டில் இந்த நான்கையும் எழுத ஒவ்வொரு வண்டியின் கதவுக்குள்ளும் ஒரு அட்டை ஒட்டி, நூலில் பேனா கட்டியிருக்கிறோம். பேனாதான் வாரத்துக்கு ஒன்று காணாமல் போகிறது.